மூன்று நாள் பழைய கருத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்ததாக ஆகிவிடும். ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பகுதியை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவள் நான். ஒரு புதன்கிழமை, ஒருவருடைய கடிதத்தின் கடைசி மூன்று வரிகளை வெட்டினேன். அந்த வெட்டு அவரை எங்கெங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

அவர் பக்கத்திலிருந்தே சொல்லிவிடலாம், என்னை உள்ளே கொண்டுவரவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சில ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

"குண்டு வெடித்த அன்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம்." [முதல் வரியிலேயே குண்டை வைத்தால், நான் திட்டப்போகிற டிவிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அடித்துவிட்டேன்.]

"அவர் நல்ல மனிதர்." [இதில் எனக்கே பிறகு சந்தேகம் வந்துவிட்டது. ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.]

"உலகத்தில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அவருக்கு அது" [இந்த வாக்கியம் எங்கே போகப் பார்த்தது என்று மறந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

சரி, நேராகவே போகிறேன்.

2

அந்தப் பரிசோதனை நிலையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. காத்திருப்பவர்களுக்கு ஆறு நாற்காலிகள், சுவரில் ஒரு டிவி. திரைக்குப் பின்னால், கையை நீட்டி உட்கார அகலக் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அங்கே இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறவர்தான் நம்முடைய ஆள். "வலிக்காத சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் படியேறுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள்.

எடுத்த ரத்தத்தைக் குழாயில் அடைத்து இயந்திரத்தில் வைத்தால் அது பத்து நிமிடம் சுற்றும். அந்தப் பத்து நிமிடமும் பேப்பருக்கு. முதல் பக்கத்தைவிட உலகச் செய்திதான் அவருக்குப் பிடிக்கும். எந்த நாட்டில் யார் யாரை எந்தச் சாமியின் பெயரால் வெட்டினார்கள், எந்த ஊர்க் கோயிலில் எந்த ஊர்ப் பள்ளியில் துப்பாக்கி நுழைந்தது என்று விரல் வைத்துப் படிப்பார். படித்ததும் எங்களுக்கு ஒரு கடிதம் வரும். முத்து முத்தான கையெழுத்து. நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது, எதிர்ச் சாரியிலேயே ஜெராக்ஸ் கடை இருந்தும்.

ஒருமுறை, காலை ஏழிலிருந்து மதியம் ஒன்றுவரை அந்த டிவியில் "அதிர்ச்சி" என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி எழுதியிருந்தார். எழுபத்தாறு தடவை. "ஒரு உடம்பு இத்தனை அதிர்ச்சி தாங்காது. ரத்தம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்" என்று முடித்திருந்தார். அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தோம். அப்படியே போட்டோம்.

அவருடைய மனைவி ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறவர். அவர் சொல்வார்: "ஊர் உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு ஒரு லெட்டர் போடக்கூடாதா?"

"அது ஆசிரியருக்கு எழுதற விஷயமில்லம்மா."

"எது அவருக்கு எழுதற விஷயம்? அவர் என்ன உலகத்தையே நிறுத்தப் போறாரா?"

[இந்த உரையாடல் நடந்ததா என்று கேட்டால், நடந்தது என்று அந்த அம்மாளே சொன்னார். "உலகத்தையே நிறுத்தப் போறாரா" மட்டும் நான் சேர்த்தது. பாருங்கள், பழக்கம் விடவில்லை.]

3

ஒரு திங்கட்கிழமை காலை. எங்கோ தூரத்து நாட்டில், ஒரு பெரிய நகரத்தின் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. முப்பத்தெட்டுப் பேர். ஒரு மணி நேரத்துக்குள் டிவி சொல்லிவிட்டது, செய்தது இன்னார் என்று.

இங்கே ஒரு மதத்தின் பெயர் வரவேண்டும். [             ] அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் படித்த வேகத்திலேயே அதை நிரப்பிவிட்டீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான். யாரை நிரப்பினீர்கள் என்று எனக்குச் சொல்லவேண்டாம்.

காத்திருந்தவர்களில் ஒருவர், "நெனச்சேன், இவனுங்களாத்தான் இருக்கும்" என்றார். அடுத்தவர் தலையாட்டினார். வலிக்காத சார் திரைக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டார். அவர் கையில் அப்போது இருந்தது ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கை. "யாருன்னு அந்த ஊர்ப் போலீசுக்கே இன்னும் தெரியாதும்மா, இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் ஊசியைப் பார்க்காமலிருக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் இரண்டு முறை சுற்றுவதற்குள் கடிதத்தை எழுதிவிட்டார். மதிய இடைவேளையில் எங்கள் அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டும் போனார். முழுக் கடிதமும் இதுதான்:

"ஆசிரியருக்கு, குழாய் சுற்றி நிற்பதற்குமுன் நான் முடிவு எழுதினால் என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள். டிவிக்காரர்கள் மட்டும் புகை அடங்குவதற்குமுன் முடிவு எழுதுகிறார்கள். அந்த மதத்தார் மீது ஏன் உடனே பழி போடவேண்டும்? அவர்களும் நம் தெருவில் கடை வைத்து, நம்மோடு டீ குடிக்கிறவர்கள்தான். ஒருவேளை அவர்களில் சிலர்தான் செய்தார்கள் என்று நாளை உறுதியானால், அதையும் நானே முதல் ஆளாக எழுதுவேன். கொன்றவன் யாராக இருந்தாலும் அவனுக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். பொறுத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன்."

செவ்வாய்க்கிழமை, அவர்கள் இல்லை, வேறொரு கூட்டம் என்று செய்தி வந்தது. வலிக்காத சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் கடிதப் பகுதி வியாழன்தோறும் வரும் என்பதால், பார்த்தவர்களிடமெல்லாம், "வியாழக்கிழமை பேப்பர் பாருங்க" என்றார். புதன்கிழமை மதியம் செய்தி மறுபடி திரும்பியது. முதலில் சொன்னவர்களேதான். செய்தவர்களே படம்பிடித்து வெளியிட்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு, வேத வரி சொல்லிக்கொண்டு.

கடிதம் வியாழக்கிழமை வந்தது.

4

நான் செய்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கம் முடிந்திருந்தது. பத்தரைக்கு ஒரு பல்பொடி விளம்பரம் வந்தது. கடிதப் பகுதியில் நான்கு சென்டிமீட்டர் போயிற்று. எல்லாக் கடிதத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கலாம். அதற்குச் சோம்பல். "டீ குடிக்கிறவர்கள்தான்" என்பதோடு நிறுத்தினால் அழகாக முடிகிறது என்று தோன்றியது. வெட்டினேன். தலைப்புப் போடுகிற தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அவர்கள் மீது ஏன் பழி?" என்று வைத்தார்.

மதியம் செய்தி திரும்பியதை நான் பார்த்தேன். பக்கம் கீழ்த்தளத்தில்தான் இருந்தது, இன்னும் அச்சேறவில்லை. இருபத்திரண்டு படி. நான் இறங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு அன்று தலைவலி [பொய்].

ஏனென்றால் கருத்து வாசகருடையது, எங்களுடையது அல்ல என்று [இது எங்கள் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சிடுகிற வாக்கியம். அதற்குப் பின்னால் ஒளிகிறேன்].

ஏனென்றால்

அவ்வளவுதான் வருகிறது.

5

இனி அவரிடம் போவோம். வியாழன் காலை அவர் பேப்பரைப் பிரித்தார். தன் பெயரைப் பார்த்தார். ஒருமுறை படித்தார். திருப்பிப் பார்த்தார், மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று. அங்கே விளையாட்டுச் செய்தி.

பத்து மணிக்குள் அந்தத் துண்டைப் படமெடுத்து யாரோ போனில் சுற்றவிட்டார்கள். கீழே ஒரு வரி: "முப்பத்தெட்டு உயிர் போயிருக்கு, இவருக்கு டீ குடிக்கணுமாம்." மதியம் ஒரு டிவி நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் அவ்வளவு மரியாதை.

"உங்க தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு சார். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி."

மனைவி, "போகாதீங்க" என்றார்.

"வெட்டிட்டாங்கம்மா. முழுசா சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

"எழுதினதையே வெட்டினவங்க, பேசறதை விட்டுவெப்பாங்களா?"

போனார். இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். திரையில் ஆறு கட்டம், ஆறு முகம். கீழிருந்து இரண்டாவது அவர். அவர் கட்டத்துக்குக் கீழே "பயங்கரவாதத்துக்கு ஆதரவா?" என்று எழுதியிருந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த அவருக்கு அது தெரியாது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குத் தெரிந்தது.

"நான் திங்கக்கிழமை எழுதினேன்..."

"சார், திங்கள் செவ்வாயெல்லாம் விடுங்க. அவங்க செஞ்சது தப்பா, இல்லையா? ஒரே வார்த்தை."

"தப்புதான், அதுக்கு நான்..."

"அப்போ உங்க கடிதம் தப்பு. ஒத்துக்கறீங்க."

"இல்ல, கடிதத்துல கடைசியா..."

"தப்புங்கறார், இல்லைங்கறார்! நேயர்களே!" இடைவேளை. திரும்பி வந்தபோது கட்டங்கள் ஐந்துதான்.

சனிக்கிழமை காலை பரிசோதனை நிலையத்தில் ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அவரைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். "வேற ஆள் இல்லையா?" என்றார். அந்த அம்மாளுக்குப் பத்து வருடமாக அவர்தான் ரத்தம் எடுக்கிறார். நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு வாரம் உள்ள இருங்களேன். ரத்தம் அந்தப் பொண்ணு எடுக்கட்டும், நீங்க மெஷினைப் பாருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஒருவன் படியேறி வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஒருத்தர்தான் சார் தைரியமா பேசினீங்க. அவங்களை அந்த நிலைமைக்குத் தள்ளினது யாரு? செத்தவங்க ஒண்ணும் அப்பாவிங்க இல்ல சார். எல்லாம் கணக்குத் தீர்க்கறதுதான்."

"என்ன சொல்றீங்க? நான் அப்படி எழுதலையே."

"வெளிய அப்படித்தான் சொல்லணும். புரியுது சார்." கண்ணடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

வலிக்காத சார் கை கழுவினார். கையுறை போட்டிருந்த கையையே கழுவினார். வெறுக்கிறவன் தப்பாகப் படித்தான், சரி. பாராட்டுகிறவனும் அதே தப்பையே எப்படிப் படித்தான்? நான் எழுதியதில் அது இருந்துவிட்டதா? அவருக்குத் தலை சுற்றியது. அவர் பக்கத்தில் இயந்திரமும் சுற்றிக்கொண்டிருந்தது.

[இயந்திரத்தை இங்கே கொண்டுவந்தது கொஞ்சம் மலிவான வேலை. ஆனால் அது உண்மையில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.]

மதியம் எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் வந்தார். அந்த மதத்துக்காரர். கடிதத்தில் டீ குடித்தது இவரோடுதான். தினமும் பதினோரு மணிக்கு ஆளுக்கொரு டம்ளரோடு அந்தக் கடை வாசலில் நிற்பார்கள். இரண்டு நாளாக நிற்கவில்லை.

"உங்களை யார் எங்களுக்காகப் பேசச் சொன்னது?"

"உங்களுக்காகன்னு இல்லண்ணே. அவசரப்படாதீங்கன்னுதான்..."

"'நம் தெருவில் கடை வைத்து'ன்னு எழுதியிருக்கீங்க. இந்தத் தெருவுல எங்க ஆளுங்க கடை எத்தனை இருக்கு? ஒண்ணு. பேப்பர்ல அட்ரஸ் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. நேத்து நாலு பேர் வந்து கடையை போட்டோ எடுத்துட்டுப் போனானுங்க."

"நான் நல்லதுக்குத்தாண்ணே..."

"நல்லதுக்குத்தான். யாரு இல்லைன்னா? காலையில கடை திறக்க மச்சானைக் கூட்டிட்டு வந்தேன். தனியா வரப் பயமா இருந்துச்சு. பதினாறு வருஷத்துல இதான் மொதல் தடவை." படியில் இரண்டடி இறங்கிவிட்டுத் திரும்பினார். "அந்த ஸ்டேஷன்ல செத்தவங்கள்ல எங்க ஆளுங்களும் இருக்காங்க. ஒம்பது பேரு. அதை எவனும் எழுதல. நீங்களும் எழுதல."

வலிக்காத சாருக்கு அது தெரியாது. உலகச் செய்தியை விரல் வைத்துப் படிக்கிறவருக்கே தெரியாது.

6

இங்கே நான் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இதுவரை அவரை நான் பாவப்பட்டவராகவே எழுதிவருகிறேன். எழுதுவதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய பழைய கடிதங்களைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு நாடு, ஒரு வழிபாட்டு இடத்தில் தீ. அன்றே எழுதியிருக்கிறார்: "இதைச் செய்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?" என்று ஆரம்பித்து, வேறொரு கூட்டத்தின் பெயரைப் போட்டு. பத்து நாள் கழித்து அது மின்கசிவு என்று தெரிந்தது. அவர் மறுத்து எழுதவில்லை. அந்தக் கடிதத்தையும் நான்தான் போட்டேன். ஒரு வரிகூட வெட்டவில்லை.

அப்படியானால் "நானே முதல் ஆளாக எழுதுவேன்" என்பதை நம்பலாமா? தெரியவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவர் மாறியிருக்கலாம். அல்லது ஜெராக்ஸ்காரரோடு பழக்கம் ஏற்பட்டதால், அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் பொறுமை வந்திருக்கலாம். இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கதை இன்னும் உருக்கமாக இருக்கும். எடுக்கக் கை போனது. ஏற்கெனவே ஒருமுறை வெட்டிவிட்டேன், போதும்.

7

அந்தச் சனிக்கிழமையிலிருந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் அங்கே போனேன். பையில் அவருடைய மூலக் கடிதம். அதற்கு முன்னால் எங்கள் ஆசிரியரிடம், ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டிருந்தேன். "வெட்டற உரிமை நமக்கு உண்டு. போட்டா இன்னும் பத்து நாள் எரியும்" என்றார். அவர் சொன்னதும் ஒருவகையில் சரிதான். எனக்கு எல்லாமே ஒருவகையில் சரியாகத் தெரிகிற காலம் அது.

ரத்தம் கொடுக்க வந்தவள்போல உட்கார்ந்தேன். ஒரு வாரத் தடை முடிந்திருந்தது. அவரே வந்தார். நரம்பைத் தேடினார்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

பேப்பரின் பெயரைச் சொன்னேன். அவர் விரல் நின்றது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஒரு விஷயம் கேக்கணும். லெட்டர்ஸ் பாக்கறவங்க யாருன்னு தெரியுமா? நான் கடைசியில மூணு வரி எழுதினேன்னு வீட்டுல சொல்லிட்டிருக்கேன். ஆனா இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. எழுதணும்னு நெனச்சதைத்தான் எழுதினதா நெனச்சுக்கறேனோ? கையில நகல் இல்ல. இத்தனை நாளா ராப்பகலா அதே யோசனை."

ஒரு மனிதனிடமிருந்து அவன் எழுதிய வரியை எடுத்தால், அதை எழுதிய ஞாபகத்தையும் சேர்த்து எடுத்ததாக ஆகும் என்று எனக்குத் தெரியாது. பையைத் திறந்து கொடுத்தேன். "வெட்டினது நான்தான் சார்."

படித்தார். மூன்று வரிகளையும் விரல் வைத்து, மெதுவாக.

"எழுதியிருக்கேன்" என்றார். "ஏன் எடுத்தீங்க?"

"பல்பொடி விளம்பரம்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. கணக்குப் பரீட்சையில் விடை சரியாக வந்தும் வழி புரியாதவரின் முகம். "இதைப் போட்டிருந்தா மட்டும் சரியாப் படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். வெளியே டிவி ஏதோ அதிர்ச்சி என்றது. இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு எழுதுகிற தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தார். "எழுதித் தாங்க. நீங்க வெட்டினீங்கன்னு. நூறு வார்த்தைக்குள்ள."

எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, தன்னைப் பற்றி நான் புகழ்ந்திருந்த இரண்டு வரிகளை அடித்தார். "நேர்மையானவர்" என்பதையும் அடித்தார். "அப்புறம் இதைச் சேருங்க" என்று அவரே ஒரு வரி சொன்னார்: இறந்தவர்களில் அந்த மதத்தார் ஒன்பது பேர் இருந்தார்கள், அது எனக்குத் தெரியாமல் எழுதினேன். "எனக்குன்னா?" என்று கேட்டேன். "என்னைச் சொல்றேன். உங்களுக்கும் தெரியாதுதானே? ரெண்டு பேர் கையெழுத்தும் போட்டுடலாம்."

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை ஆசிரியருக்கு அனுப்பினேன், வரவில்லை. என்னைக் கடிதப் பகுதியிலிருந்து எடுத்து, "காணவில்லை", "பெயர் மாற்றம்" அறிவிப்புகளுக்குப் போட்டுவிட்டார்கள். டிவிக்கு அடுத்த வாரமே வேறொரு முகம் கிடைத்தது. கையை மடக்கிய அம்மாள் மறுபடி அவரிடமே கையை நீட்டுகிறார். எதற்கு மடக்கினோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. வலிக்காத சார் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை, ஆனால் அனுப்புவதில்லை. மூன்று நாள் வைத்திருந்து, திரும்பப் படித்து, கிழித்துவிடுகிறார். இது ஞானமா, பயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

8

அன்று செவ்வாய்க்கிழமை வலிக்காத சார் அந்தத் தாளை முதலில் ஜெராக்ஸ்காரரிடம்தான் கொடுத்தார். தானே எடுத்துப்போய் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். நாங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெராக்ஸ்காரர் நின்றபடியே படித்தார். ஒரு வாடிக்கையாளரை அனுப்பினார். இன்னொருமுறை படித்தார். கடையைத் தன் மச்சானிடம் விட்டுவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வண்டிகளுக்கு வழிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். படியேறும் சத்தம் கேட்டது.

வந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னார். அது என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னித்ததுபோல் ஒருமுறை வந்தது. மன்னிக்காததுபோல் ஒருமுறை. மூன்றாவது முறை அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், அது இரண்டைவிடவும் மோசமாக ஒரு தலைப்புபோல வந்து நின்றது, தலைப்புப் போடுகிற தம்பி பார்த்தால் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார். ஆகவே அதை இங்கே தரப்போவதில்லை.

சந்தேகமில்லாமல் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அவர் திரைக்குப் பின்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, இடது கையை நீட்டினார். அவருக்கு மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்கவேண்டுமாம். அந்த மாதத் தேதி தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. தெருக்கோடியில் இன்னொரு பரிசோதனை நிலையம் இருக்கிறது, புதியது, குளிர்சாதனம் போட்டது.

வலிக்காத சார் பஞ்சை நனைத்தார். ஜெராக்ஸ்காரர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்க்கப் பிடிக்காமலா, அவரைப் பார்க்கப் பிடிக்காமலா, அல்லது மச்சான் கடையில் தனியாக இருக்கிறானே என்றா,

நீங்கள் முடிவு செய்யுங்கள். அவசரமில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும் சரி.